ஒற்றைக்காலில் நிற்பதும் குனிவதும்: இடுப்பு உறுதிக்கும் முதுகு நலத்துக்குமான சமநிலைப் பயிற்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன பயிற்சி? யாருக்கு?

ஒரு காலில் நின்று இடுப்பு சாயாமல் வைத்திருப்பது முதல் பாதி. அதே காலில் நின்றபடி, முதுகை வளைக்காமல் தொடை மூட்டில் மட்டும் மடிந்து முன்னால் குனிந்து எழுவது இரண்டாம் பாதி. மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், நெடுநேரம் நின்றால் அடிமுதுகு கடுப்பவர்கள், படி ஏறும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிபவர்கள், முதுகுவலி வந்து ஆறியபின் மறுபடி உடலைத் தயார்செய்பவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தும். தேவையானவை வெறுந்தரை, பிடித்துக்கொள்ள அசையாத ஒரு மேடை, ஒரு துடைப்பக்கட்டை, ஒரு செல்போன்.

எத்தனை நொடி நின்றோம் என்பதைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆனால் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பதைவிட, மட்டமாக வைத்துப் பத்து நொடி நிற்பது பல மடங்கு பயனுள்ளது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அளவுகோல்.

ஒரு காலில் நிற்பதற்கும் முதுகுக்கும் என்ன தொடர்பு?

நடை என்பதே ஒற்றைக்கால் வேலைதான். நடக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, ஏதாவது ஒரு கால் மட்டுமே தரையில் இருக்கிறது. வலது காலில் நிற்கும்போது உடலின் எடை வலது தொடை மூட்டுக்கு உள்பக்கமாக விழுகிறது. அதனால் தூக்கிய இடது பக்கம் இடுப்பெலும்பு கீழே சரியப் பார்க்கும். அதைச் சரியவிடாமல் இழுத்துப் பிடிப்பது வலது இடுப்பின் வெளிப்பக்கத்தில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்ற இரண்டு தசைகள். பேன்ட் பையில் கை வைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, பின்னால், விரலால் அழுத்தினால் தட்டுப்படும். ஒரு காலில் நின்று பாருங்கள், அந்த இடம் இறுகும்.

இந்தத் தசைகளுக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் குறைவு. அதனால் உடல் எடையைவிட அதிக விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. எடையும் இந்த இழுவிசையும் சேர்ந்து, ஒற்றைக்காலில் நிற்கையில் தொடை மூட்டின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 60 கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 150 கிலோ.

தசை சோர்ந்துபோனாலோ, சரியான நேரத்தில் இறுகாவிட்டாலோ உடலுக்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, தூக்கிய பக்க இடுப்பு கீழே இறங்கும். அல்லது மேலுடம்பு முழுவதும் நிற்கும் காலின் பக்கம் சாயும். எது நடந்தாலும் அடிமுதுகு பக்கவாட்டில் வளைகிறது, விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள முதுகுத் தசை தன் வேலையோடு இடுப்பின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. நாளைக்கு ஐயாயிரம் அடி நடந்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டாயிரத்து ஐந்நூறு தடவை. மாலையில் இடுப்பை ஒட்டிய முதுகுப் பகுதி கனத்துக் கடுப்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

எல்லா முதுகுவலிக்கும் இடுப்புத் தசைதான் காரணம் என்று சொன்னால் அது தவறு. டிஸ்க், மூட்டு, தூக்கம், மனஅழுத்தம், வேலை என்று பல காரணங்கள் உண்டு. நாள்பட்ட அடிமுதுகு வலி உள்ளவர்களிடம் இந்தத் தசையின் பலவீனம் அதிகமாகக் காணப்படுகிறது என்பதும், அதைப் பயிற்சியால் மாற்ற முடியும் என்பதும் உறுதி.

என் இடுப்பு சரிகிறதா இல்லையா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரெட்ரிக் டிரெண்டலென்பர்க் 1895-இல் விவரித்த சோதனை இன்றும் மருத்துவமனைகளில் அப்படியே பயன்படுகிறது. வீட்டில் செய்ய: இறுக்கமான உடையின் மேல், இரண்டு பக்க இடுப்பெலும்பு மேட்டையும் தொட்டபடி ஒரு நாடாவையோ துப்பட்டாவையோ மட்டமாகக் கட்டிக்கொள்ளுங்கள். செல்போனை இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி, அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வீடியோவைப் போட்டுவிட்டு ஒரு காலைத் தரையிலிருந்து கொஞ்சமாகத் தூக்கி 30 நொடி நில்லுங்கள். பிறகு மறுகால்.

வீடியோவில் நாடாவை மட்டும் பாருங்கள். தூக்கிய பக்கம் கீழே இறங்கினால் நிற்கும் பக்கத்துத் தசை போதவில்லை. நாடா மட்டமாகவே இருந்து, தோள் மட்டும் நிற்கும் காலின் பக்கம் சாய்ந்தாலும் அதே பொருள்தான், உடல் அதை மறைக்கிறது, அவ்வளவே. 30 நொடி ஏன் என்றால், பலருக்கு முதல் பத்து நொடி எல்லாம் சரியாக இருக்கும். தசை களைத்தபிறகுதான் நாடா மெல்லச் சரியத் தொடங்கும்.

கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பது இதற்குச் சரிவராது. பார்க்கும்போதே உடல் திருத்திக்கொள்ளும்.

எங்கே நின்று செய்வது? செருப்பு வேண்டுமா?

சமையல் மேடை முன்னால் நிற்பது மிகவும் நல்லது. உயரம் சரியாக இருக்கும், அசையாது. ஜன்னல் கம்பியும் பரவாயில்லை. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பிடித்த வேகத்தில் அதுவும் சேர்ந்து சாயும். ஈரத் தரை, மிதியடி, மடிப்பு விழுந்த பாய், குளியலறை ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

வெறுங்காலே சிறந்தது. உள்ளங்காலிலிருந்து மூளைக்குப் போகும் தகவல்தான் சமநிலையின் பெரும் பகுதி. சாக்ஸ் போட்டு மொசைக் தரையில் நின்றால் வழுக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் வெறுங்காலில் நிற்க வேண்டாம். எம்சிஆர் செருப்போ (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) மூடிய காலணியோ போட்டு, இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டும். காலில் குத்தியதே தெரியாத நிலையில் காயம்தான் முதல் ஆபத்து.

முதல் படியைச் சரியாக எப்படிச் செய்வது?

மேடையைப் பார்த்து நின்று, இரண்டு கை விரல் நுனிகளையும் அதன் மேல் வையுங்கள். சாய வேண்டாம், தொட்டால் போதும். இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு கைமுட்டி அகலம் இடைவெளி.

நிற்கப்போகும் பாதத்தில் மூன்று இடங்களில் எடை இறங்க வேண்டும்: பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால். முழங்காலை மிகச் சிறிதாக மடித்து வையுங்கள், பூட்டியது போல் பின்னால் தள்ளாதீர்கள்.

அடுத்ததுதான் பலரும் தாண்டிவிடும் இடம். காலைத் தூக்குவதற்கு முன்பே எடையை மாற்ற வேண்டும். இடுப்பை நிற்கும் காலின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மெதுவாக நகர்த்துங்கள். மற்றக் கால் தானாகவே இலேசாகும். அது இலேசானபிறகு தரையிலிருந்து இரண்டு விரல் அளவு தூக்கினால் போதும். எடையை மாற்றாமல் காலை உதறித் தூக்குகிறவர்கள்தான் உடனே தள்ளாடுகிறார்கள்.

தூக்கியபிறகு, அந்தப் பக்க இடுப்பெலும்பை விலாவை நோக்கி ஒரு சென்டிமீட்டர் மேலே ஏற்றி, பிறகு மட்டத்துக்கு இறக்குங்கள். இந்தச் சின்ன அசைவு, தசை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அந்த மட்டத்திலேயே பத்து நொடி. மூச்சை அடக்காதீர்கள், எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். பக்கத்துக்கு ஐந்து முறை.

இரண்டு கை விரல்கள், பிறகு ஒரு கை, பிறகு ஒரே விரல், பிறகு மேடைக்கு மேலே ஒரு அங்குலத்தில் தொடாத கை. இந்த வரிசையில் போங்கள். ஒரு விரல் தொட்டபடி 30 நொடி வீதம் மூன்று முறை, நாடா சரியாமல் நிற்க முடிந்தால் அடுத்த படிக்குத் தயார்.

பாதம் ஆடிக்கொண்டே இருக்கிறது. தப்பா?

இல்லை. கணுக்கால் இப்படியும் அப்படியும் சிறிதாக ஆடுவது சமநிலை வேலை செய்வதன் அடையாளம். கணுக்காலின் முன்பக்க நரம்புகள் போல் தெரியும் தசைநாண்கள் விட்டுவிட்டுத் துடிப்பதைக் குனிந்து பார்க்காமலே உணரலாம். கவனிக்க வேண்டியது விரல்களை. விரல் நகங்கள் வெளுத்து, விரல்கள் மடங்கித் தரையைக் கவ்வினால், எடை முன்பாதத்துக்குப் போய்விட்டது. எடையைக் குதிகாலுக்குக் கொஞ்சம் பின்னால் எடுங்கள், விரல்கள் தானாக நீளும்.

பார்வையைக் கண் மட்டத்தில் ஏதாவது அசையாத ஒரு புள்ளியில் வையுங்கள். ஓடும் மின்விசிறியையும் டிவியையும் பார்த்துக்கொண்டு நிற்பது பிறகு, பழகியபின்.

படிக்கட்டில் செய்யும் பயிற்சி ஒன்று உண்டாமே?

உண்டு. நின்றால் போதாமல் தசைக்கு வலுவும் வேண்டுமென்றால் இதுவே நேரான வழி. அடிப்படியில் பக்கவாட்டாக, சுவரையோ கைப்பிடியையோ பிடித்து ஏறி, ஒரு காலில் நில்லுங்கள். மற்றக் கால் படிக்கு வெளியே தொங்கட்டும். நிற்கும் முழங்கால் நேராகவே இருக்க, தொங்கும் காலின் பக்க இடுப்பை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் மெல்ல இறக்கி, நிற்கும் இடுப்பின் வெளிப்பக்கத் தசையால் மறுபடி மட்டத்துக்கு மேல் ஏற்றுங்கள். இறக்க மூன்று நொடி, ஏற்ற இரண்டு நொடி. எட்டு முதல் பத்து முறை, இரண்டு சுற்று.

முழங்காலை மடித்து நீட்டி ஏமாற்றுவது எளிது. முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டால் அசைந்தால் தெரிந்துவிடும். இடுப்பின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் வலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அதற்கான பதில் கீழே இருக்கிறது.

முன்குனிதலை விளக்கமாகச் சொல்லுங்கள்.

முதலில் இரண்டு காலில் பழகுங்கள். துடைப்பக்கட்டையை முதுகின் மேல் நெட்டுக்குத்தாக வைத்து, ஒரு கையால் கழுத்துக்குப் பின்னாலும் மறு கையால் இடுப்புக்குப் பின்னாலும் பிடியுங்கள். கட்டை மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்தலை, தோள்பட்டை எலும்புகளின் நடு, புட்டத்தின் நடுவே உள்ள திரிக எலும்பு. இந்த மூன்றும் விலகாமல், புட்டத்தைப் பின்னால் இருக்கும் சுவரைத் தொடப்போவது போலத் தள்ளி மேலுடம்பை முன்னால் இறக்குங்கள். கட்டையில் ஏதாவது ஓர் இடம் விலகினால் அங்கே முதுகோ கழுத்தோ வளைந்திருக்கிறது. அதற்கு முந்திய அளவே இப்போதைக்கு உங்கள் எல்லை. சிலருக்கு அது 30 பாகைதான். பரவாயில்லை. பின்தொடைத் தசை இறுகியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், சில வாரத்தில் ஆழம் கூடும்.

அடுத்தது, ஒரு காலைப் பின்னால் அரை அடி வைத்து அதன் பெருவிரல் மட்டும் தரையில் ஊன்றியபடி குனிவது. சைக்கிளின் பக்க ஸ்டாண்டு தாங்குவது போல, அந்தக் கால் விழாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கே எடை தாங்க வேண்டும். பத்தில் எட்டுப் பங்கு எடை முன்காலில்.

அது சுலபமானபிறகுதான் பின்கால் தரையை விடும். நிற்கும் முழங்கால் 15 முதல் 20 பாகை மடிந்திருக்கட்டும். பின்காலின் குதிகாலைப் பின் சுவரை நோக்கித் தள்ளுங்கள், விரல்கள் தரையைப் பார்க்கட்டும். மேலுடம்பு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவே பின்கால் ஏறும். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே துண்டாக அசையும். இறங்க மூன்று நொடி, கீழே ஒரு நொடி, ஏற இரண்டு நொடி. ஏறும்போது நிற்கும் குதிகாலால் தரையை அழுத்தி, புட்டத்தை முன்னால் கொண்டுவந்து நிமிருங்கள். முதுகால் தூக்கி நிமிராதீர்கள்.

பக்கத்துக்கு ஆறு முதல் எட்டு முறை, இரண்டு சுற்று. ஆரம்பத்தில் ஒரு கை சுவரிலோ மேடையிலோ இருக்கட்டும். சுவரைத் தொட்டுச் செய்வதால் பயன் குறைந்துவிடாது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடல் விறைத்துப்போவதைவிட, ஒரு விரலைத் தொட்டுக்கொண்டு இடுப்பைச் சரியாக மடிப்பது நல்லது.

இதில் அதிகமாக நேரும் தவறு எது?

பின்காலின் பக்க இடுப்பு வெளியே திறந்துகொள்வது. குனியும்போது தூக்கிய காலின் பாதம் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தால், இடுப்பெலும்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று அறியலாம். இப்படித் திறந்தால் நிற்கும் பக்கத்துத் தசை வேலையிலிருந்து தப்பித்துவிடும், அடிமுதுகு முறுக்கிக்கொள்ளும். காலை உயரத் தூக்கும் ஆசைதான் இதற்குக் காரணம். கால் உயரத்தைப் பாதியாகக் குறைத்து, இடுப்பின் முன்பக்க எலும்பு முனை இரண்டும் தரையைப் பார்க்கும்படி வைத்தால் சரியாகிவிடும். ஒரு செங்குத்துக் கோட்டில் பெருவிரல் தரையைக் குத்தப்போவதாக நினைத்துக்கொண்டாலே பெரும்பாலோருக்குத் திருந்திவிடும்.

இரண்டாவது, நிற்கும் முழங்கால் உள்பக்கம் சாய்வது. முழங்கால் இரண்டாவது, மூன்றாவது விரல்களின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். உள்ளே விழுந்தால் பாதவளைவும் தட்டையாகும், தொடையும் உள்ளே சுழலும். எல்லாம் ஒரே சங்கிலி. பாதத்தை வெளியே திருப்பி வைத்து இதை மறைக்கக் கூடாது.

மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்து வைப்பதும் தேவையில்லை.

எந்த இடத்தில் வேலை தெரிய வேண்டும்? எனக்குத் தொடைக்கு முன்னால்தான் வலிக்கிறது.

நிற்கும்போது இடுப்பின் வெளிப்பக்கம். குனியும்போது நிற்கும் காலின் பின்தொடையும் புட்டமும். முன்தொடை எரிந்தால் முழங்காலை அதிகமாக மடித்து, உட்காருவது போல இறங்குகிறீர்கள். புட்டத்தைக் கீழே இறக்காமல் பின்னால் தள்ளுங்கள். அடிமுதுகில் மட்டும் பிடித்தால் ஆழத்தைக் குறைத்துத் துடைப்பக்கட்டைக்குத் திரும்புங்கள். உள்ளங்கால் வலி முதல் வாரத்தில் பலருக்கு வரும். பாதத்தின் சிறு தசைகள் வேலைக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

வாரத்துக்கு எத்தனை நாள்?

நிற்கும் பயிற்சி தினமும் செய்யலாம், ஐந்து நிமிடம் போதும். படிக்கட்டுப் பயிற்சியும் முன்குனிதலும் ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று. தள்ளாட்டம் குறைவது இரண்டு மூன்று வாரத்திலேயே தெரியும், ஏனென்றால் அது நரம்புகள் கற்றுக்கொள்வது. தசை வலுப்பெற எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நாலாவது வாரத்தில் “நன்றாகத்தான் நிற்கிறேனே” என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அப்போது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

பல் துலக்கும்போது ஒரு காலில் நிற்கலாமா என்றும் கேட்கிறார்கள். நிற்கலாம், தரை காய்ந்திருந்தால். ஆனால் பல் துலக்கும் கை ஆடும்போது இடுப்பைக் கவனிக்க முடியாது. அது கூடுதல் பழக்கம், பயிற்சிக்கு மாற்றாகாது.

பத்து நொடி நிற்க முடியாவிட்டால் ஆயுள் குறைவு என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அந்தச் செய்திக்கு அடிப்படை 2022-இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வு. 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரை ஒரு காலில் பத்து நொடி நிற்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. சராசரியாக ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், முடியாதவர்களில் 17.5 சதவீதமும் முடிந்தவர்களில் 4.6 சதவீதமும் இறந்திருந்தார்கள். முடியாதவர்கள் சராசரியில் வயதும் கூடியவர்கள், சர்க்கரை, உடற்பருமன் போன்ற நோய்களும் கூடியவர்கள். அவற்றைக் கணக்கில் எடுத்தபிறகும் வேறுபாடு இருந்தது. ஆனாலும் நிற்க முடியாதது இறப்புக்குக் காரணம் என்று ஆய்வு சொல்லவில்லை. உடல்நிலையைக் காட்டும் ஓர் அடையாளம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களால் முடியவில்லை என்றால் பயப்படாமல், ஏன் முடியவில்லை என்று பார்க்கச் சொல்லும் செய்தி அது.

அம்மாவுக்கு 72 வயது. அவர் செய்யலாமா? எவ்வளவு நேரம் நின்றால் இயல்பு?

செய்யலாம், செய்வதும் அவசியம். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான, முதியோர் விழுவதைத் தடுக்கும் வீட்டுப் பயிற்சித் திட்டத்திலும் ஒற்றைக்காலில் நிற்பது உண்டு: பிடித்தபடி 10 நொடி, பிடிக்காமல் 10 நொடி, கடைசியாகப் பிடிக்காமல் 30 நொடி.

2007-இல் வெளியான ஓர் அமெரிக்க அளவீட்டில், கண் திறந்தபடி 60களில் உள்ளவர்கள் சராசரியாக 27 நொடியும், 70களில் உள்ளவர்கள் 15 நொடியும், 80ஐத் தாண்டியவர்கள் 6 நொடியும் நின்றார்கள். ஆகவே உங்கள் அம்மா 12 நொடி நின்றால் கவலைப்பட ஏதுமில்லை.

சுவர் மூலையில் முதுகை வைத்து, முன்னால் கனமான மேசையோ மேடையோ இருக்கும்படி நிற்க வையுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்க ஏதாவது இருக்கும். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் ஆள் இருக்கட்டும். புடவைக் கொசுவம் தரையைத் தொடாமல் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிட்டவுடனும், எழுந்த உடனும், சாப்பிட்ட உடனும் வேண்டாம். முன்குனிதலில் 30 பாகைக்கு மேல் போக வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. தலை தாழும்போது சிலருக்குக் கிறுகிறுப்பு வரும்.

போன ஆண்டில் ஒருமுறையாவது விழுந்திருந்தால், அல்லது எலும்பு அடர்த்தி குறைவு என்று தெரிந்திருந்தால், முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் முன்னால் தொடங்குவது நல்லது.

கண்ணை மூடிச் செய்யலாமா? தலையணை மேல் நின்று?

சமநிலைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் வருகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். கண்ணை மூடினால் ஒன்று போய்விடும். இளைஞர்களே கண் மூடிச் சராசரியாகப் பத்து நொடிக்குள்தான் நிற்கிறார்கள், 70களில் இரண்டு நொடி. கண் திறந்து 45 நொடி உறுதியாக நிற்பவர்கள் மேடையைத் தொட்டபடி முயலலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இதில் கிடைக்கும் பயனைவிட விழும் அபாயம் பெரிது.

தலையணை, மெத்தை எல்லாம் கணுக்காலுக்கே அதிக வேலை கொடுக்கும். இடுப்புக்கு வேண்டுமென்றால் உறுதியான தரையில் சுமையைக் கூட்டுவதே வழி.

விருட்சாசனம் தினமும் செய்கிறேன். அது போதாதா?

நல்ல தொடக்கம். ஆனால் விருட்சாசனத்தில் ஒரு வசதி இருக்கிறது. மடித்த பாதத்தை நிற்கும் தொடையில் அழுத்தி, தொடையும் பாதத்தை எதிர்த்து அழுத்துவதால் இடுப்பு ஓரளவு பூட்டிக்கொள்ளும், அந்த உதவியில் நேரம் கூடும். மடித்த முழங்காலைப் பக்கவாட்டில் அதிகமாகத் திறக்க முயன்று இடுப்பெலும்பைத் திருப்பிவிடுபவர்களும் உண்டு. பாதத்தை உள்தொடையில் வைக்காமல் கணுக்காலின் பக்கத்தில் இலேசாகத் தொட்டபடி, நாடா மட்டமாக நின்று பாருங்கள். வீரபத்ராசனத்தின் மூன்றாவது நிலை, மேலே சொன்ன முன்குனிதலுக்கு மிக நெருக்கமானது. அதை நிலைத்து நிற்பதோடு இறங்கி ஏறும் அசைவாகவும் செய்தால் இரண்டும் ஒன்றுதான்.

இப்போதே முதுகு வலிக்கிறது. செய்யலாமா?

பத்துக்கு மூன்று அளவுக்குள் இருக்கும் வலி, செய்யும்போது கூடாமலும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தும்விட்டால், முதல் படியைத் தொடரலாம். இருமினாலும் குனிந்தாலும் காலுக்குள் மின்னல் போல வலி ஓடினால் முன்குனிதல் வேண்டாம், அது அடங்கும்வரை நடையும் நிற்பதும் போதும்.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல் அல்லது சிறுநீர் வராமல் அடைத்தல், சைக்கிள் இருக்கை படும் பகுதி மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பது, விழுந்தபின் தொடங்கிய கடும் வலி. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

தொடை மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், எவ்வளவு குனியலாம் என்று அறுவை செய்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இடுப்பெலும்பின் முன்பக்கமோ பின்பக்கமோ வலித்தால் ஒற்றைக்காலில் நிற்பது பெரும்பாலும் அதைக் கூட்டும். உடை மாற்றுவதைக்கூட அப்போது உட்கார்ந்து செய்வதே நல்லது.

இடுப்பின் வெளிப்பக்கம் வலிக்கிறது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் அதிகமாகக் காணப்படும், குளூட்டியஸ் தசைநாண் தேய்ந்து நோகும் நிலையாக அது இருக்கக்கூடும். இடுப்பு சரியும்போது அந்தத் தசைநாண் எலும்பு மேட்டின் மேல் நசுங்குகிறது. ஆகவே படிக்கட்டில் இறக்கி ஏற்றுவது இவர்களுக்கு நேர் எதிரி. இரண்டு காலிலும் நின்று, ஒரு பக்கம் 60 சதவீத எடை, பிறகு 70 என்று மெல்ல மாற்றுவதில் தொடங்குங்கள். இடுப்பை ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பது, குழந்தையையோ குடத்தையோ ஒரே இடுப்பில் சுமப்பது, கால் மேல் கால் போட்டு உட்காருவது ஆகியவற்றைக் குறையுங்கள். தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள்.

ஒரு பக்கம் நன்றாக நிற்கிறேன், மறு பக்கம் முடியவில்லை.

சிறு வேறுபாடு எல்லோருக்கும் உண்டு. பலவீனமான பக்கத்தில் தொடங்கி, அதே எண்ணிக்கையை மறு பக்கமும் செய்து, கடைசியில் பலவீனமான பக்கத்துக்கு ஒரு சுற்று கூட்டுங்கள். ஆறு வாரம் ஆகியும் மாறவில்லை, அல்லது வேறுபாடு திடீரென்று வந்தது என்றால் காட்ட வேண்டும். பழைய கணுக்கால் சுளுக்கு, தொடை மூட்டுத் தேய்மானம், கால் நீள வேறுபாடு, முதுகில் நரம்பு அழுத்தம் என்று காரணங்கள் பல.

எடை பிடித்துச் செய்யலாமா? எந்தக் கையில்?

எட்டு முறை மூன்று சுற்று, சுவரைத் தொடாமல், இடுப்பு திறக்காமல் முடிந்தால் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. அதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ கூட்டுங்கள். வலது காலில் நிற்கும்போது பாட்டில் இடது கையில் இருந்தால், எடை தொடை மூட்டிலிருந்து தள்ளி விழும், வலது இடுப்புத் தசைக்கு வேலை கூடும். வலது கையிலேயே பிடித்தால் வேலை குறையும். எனவே பழகும் நாட்களில் நிற்கும் காலின் பக்கக் கையிலும், பழகியபின் எதிர்க் கையிலும் பிடியுங்கள்.

கைத்தடி வைத்து நடப்பவர்கள் கவனிக்க: வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். இடது பக்கம் சரியப் பார்க்கும் இடுப்பைத் தடி கீழிருந்து தாங்குவதால் வலது தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, மூட்டின் மேல் அழுத்தமும் குறையும். வலிக்கும் பக்கத்திலேயே தடியைப் பிடித்து நடப்பவர்கள் நிறையப் பேர். கையை மாற்றிப் பிடித்துப் பத்தடி நடந்து பார்த்தாலே வேறுபாடு தெரியும். தடியின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பு வரை.